தாங்குற உடம்பு

கொரோனாவை அடக்கிய விஞ்ஞானத்துக்குக் கல்யாணத் தரகர்களை அடக்கத் தெரியவில்லை. ஜாதகம், நட்சத்திரம், கூட்டம், குலதெய்வம் என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணு எந்த உடம்புங்க?" என்று அவர்கள் கேட்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அப்படிக் கேட்பது சட்டப்படி குற்றம். வரதட்சணை கேட்பதும் குற்றம்தான்.

வசந்தாமணி அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லித்தான் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. தைத்து வரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டையும் நூல் பிசிறும் கண்டுபிடிக்கிற வேலை. அன்று காலையில் அப்படி ஒரு பனியனை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது காங்கேயத்திலிருந்து மகள் மிதுனா போன் செய்தாள்.

"அம்மா, காய்ச்சல். டெஸ்ட்டுப் பட்டைல ரெண்டு கோடு வந்துருச்சு."

வசந்தாமணியின் கையிலிருந்த துணி நழுவியது. "பக்கத்துல ஆரு இருக்கறாங்க?"

"அத்தை இருக்காங்க" என்றாள் மிதுனா. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணும் பயமில்லம்மா. நாந்தான் தாங்குற உடம்பாச்சே! கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துக் கெடந்தாச் செரியாப் போயிரும்னு வீட்டு டாக்டரும் சொல்லிட்டாரு."

அந்தச் சிரிப்பில் இருந்த நடுக்கம் பெற்றவளுக்கு மட்டும் கேட்டது. சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் வசந்தாமணி கம்பெனியை விட்டு வெளியே வந்தாள். வெயிலில் நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், இப்போதெல்லாம் இந்த நோயில் யாரும் சாவதில்லை. அதற்குக் காரணம் ஒரு சொட்டு ரத்தம். ஊர் ஊராகக் கல்யாண மண்டபங்களில் முகாம் போட்டு அந்தச் சோதனையைச் செய்தார்கள். வசந்தாமணி தன் முறைக்குப் போயிருந்தபோது, ஓர் இளம் டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் மாதிரி விளக்கினார்.

"கிருமி ஆளைக் கொல்றது கம்மிங்க. கிருமி வந்துருச்சுன்னு நம்ம உடம்பு போடற ஆட்டம்தான் கொல்லுது. வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான்னு வைங்க. சில காவல்காரன் நிதானமாப் பிடிச்சுக் கட்டிப்போடுவான். சில காவல்காரன் பதட்டத்துல வீட்டுக்கே தீ வச்சுருவான். அந்தத் தீக்குப் பேருதான் அழற்சி. தீ வைக்கிற உடம்பு எதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா, காய்ச்சல் வந்த உடனே வீட்டிலேயே வச்சு, அழற்சியை அடக்கற மாத்திரையைக் குடுத்துறலாம். ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டியதில்லை."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்பறம் எதுக்குங்க டெஸ்ட்டு? எல்லாத்துக்கும் அந்த மாத்திரையவே குடுத்துப்போட்டாத் தீந்துதுங்களே" என்றார்.

"அதுதான் கூடாதுங்கறேன். நிதானமான காவல்காரனுக்கு அதைக் குடுத்தா அவன் தூங்கிப்போயிருவான். அப்பறம் திருடனுக்குக் கொண்டாட்டந்தான். ஒருத்தருக்கு மருந்தா இருக்கறது இன்னொருத்தருக்கு வெஷம்."

அரசாங்கம் இரண்டு உடம்புக்கும் முதல்வகை, இரண்டாம்வகை என்று கௌரவமாகத்தான் பெயர் வைத்தது. ஜனங்கள் 'பத்திக்கிற உடம்பு', 'தாங்குற உடம்பு' என்று மாற்றிக்கொண்டார்கள். எந்த உடம்பு என்பது அவரவர் நம்பரில் பதிவாகிவிடும். காய்ச்சல் வந்தால் போனிலேயே வீட்டு டாக்டர் அதைப் பார்ப்பார். பத்திக்கிற உடம்பு என்றால் மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும். தாங்குற உடம்பு என்றால் கஞ்சியும் ஓய்வும்தான். நம்பர் இல்லாமல் அந்த மாத்திரையை எந்த மெடிக்கலிலும் தர மாட்டார்கள்.

வசந்தாமணிக்குப் பத்திக்கிற உடம்பு. போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வந்தது. காலையில் போட்டவள் சாயந்திரமே எழுந்து கோழிக்குத் தீனி வைத்தாள். அன்றிலிருந்து அந்த மாத்திரை அவளுக்குச் சாமி பிரசாதம் மாதிரி.

ஆனால் தரகர் அர்த்தநாரி அவளைக் கூப்பிட்டு வைத்து எச்சரித்திருந்தார். "உன்ற உடம்பு எதுன்னு வெளிய மூச்சு உட்றாத ஆத்தா. பத்திக்கிற உடம்புக்காரி மகள்னா ஒருத்தனும் வாசப்படி ஏற மாட்டான். அலைக்கு அலை எவன் பயந்துட்டே குடும்பம் நடத்துவான்? அதுவும் புள்ளத்தாச்சியா இருக்கறப்ப வந்துட்டா?"

மாப்பிள்ளை எந்த உடம்பு என்று வசந்தாமணி பதிலுக்குக் கேட்கவில்லை. ஆண்பிள்ளையை அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை.

இரண்டு பெண்கள் அவளுக்கு. புருஷன் இல்லை, இந்த நோய்க்கு முன்பே லாரி மோதிப் போய்ச்சேர்ந்துவிட்டான். பெண்கள் பிறந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு பங்கு பிரித்தாகிவிட்டது. மூத்தவள் அம்மாவை உரித்து வைத்தவள், இளையவள் இலக்கியா அப்பன் ஜாடை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அது பட்டாப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மிதுனாவுக்குக் கோபம் வந்தால் அம்மா கோபம், தலை வலித்தால் அம்மா தலைவலி. இலக்கியாவுக்குக் காலேஜில் சோதனை எடுத்துத் தாங்குற உடம்பு என்று வந்தபோது, "அப்பன் உடம்பு" என்று வசந்தாமணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மிதுனாவுடையது என்னவாக இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மிதுனாவின் முறை வந்தபோது முகாமுக்கு இலக்கியாவை அனுப்பினாள். விரல் ரேகை பார்க்கிற மெஷின் ரேஷன் கடையிலிருந்து இரவல் வந்தது. அதற்கு யார் விரலும் பிடிக்காது. அலுத்துப்போன பணியாளர், "நம்பரைச் சொல்லும்மா" என்றார். இலக்கியா அக்காவின் நம்பரைச் சொல்லித் தன் விரலை நீட்டினாள். முகத்தில் பாதி மாஸ்க். காரியம் சுலபமாக முடிந்தது.

அன்றைக்கு முந்தின நாள் மிதுனா மட்டும் தயங்கினாள். "நானே ஒருக்காக் குடுத்துப் பாக்கறேனேம்மா. ஒருவேளை…"

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. காது மடல்ல இருந்து கால் வெரல் வரைக்கும் நீ நானு. உன்னையப் பெத்தவளுக்குத் தெரியாதா?"

தை மாசம் மிதுனா காங்கேயத்துக்குத் தேங்காய்க் களம் வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். நல்ல இடம். கொப்பரை காயும் வாசனை தெருமுனையிலேயே அடிக்கும். மாப்பிள்ளை கிருத்திக் அதிர்ந்து பேசாத பையன். மாமியார் ருக்மணி கொஞ்சம் கறார். ஆனாலும் மருமகள் சாப்பிடாமல் தான் கை நனைக்க மாட்டாள். வசந்தாமணிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. தான் சொன்ன பொய்யைக்கூடப் புண்ணியக் கணக்கில்தான் அவள் வைத்திருந்தாள்.

இப்போது காங்கேயம் போவதற்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, இலக்கியா காலேஜிலிருந்து நேராக ஓடிவந்தாள்.

"அம்மா, மொதல்ல அக்காவுக்கு நெசமாலுமே ஒரு டெஸ்ட் எடுத்துறலாம். ஆஸ்பத்திரில கேட்டா எடுப்பாங்க. சாயந்திரத்துக்குள்ள தெரிஞ்சுரும்."

"எடுத்தா அடுத்த நிமிசம் அவ மாமனார் போன்ல போயி நிக்கும். கல்யாணம் ஆன கையோட அவ நம்பரை அவங்க குடும்பத்தோட சேத்தாச்சு."

"நிக்கட்டுமே. உசுரைவிட அது பெருசா?"

"நீ ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போயிப் பாரு, அப்பறம் பேசு. ஏமாத்திக் கட்டிவச்சாங்கன்னு ஒருக்காப் பேரு வந்துட்டா அவ அந்த வீட்டுல எப்புடி இருப்பா? உன்னையத்தான் எவன் கட்டுவான்?"

"சரிம்மா, அக்கா தாங்குற உடம்பாவே இருந்துட்டா? நம்ம யாருமே பாக்கலையே."

வசந்தாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதைப் பாக்கோணும்? என்ற வகுத்துல இருந்து வந்தவளுக்கு எந்த உடம்புன்னு எனக்குத் தெரியாதா? என்ற எதுக்கால நின்னு படிச்சவளாட்டப் பேசாத, போ."

இலக்கியா அழுதுகொண்டே நின்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

காங்கேயத்தில் மகளைத் தனி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். கிருத்திக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மிதுனாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இருமல் அதிகமில்லை, மூச்சும் சீராகத்தான் இருந்தது. ஆனால் பயம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அம்மாவைக் கண்டதும் தேம்பித் தேம்பி அழுதாள்.

ருக்மணி வாசற்படியில் நின்று அதைக் கவனித்தாள். "தாங்குற உடம்புக்கு எதுக்குங்க சம்பந்தி இத்தனை பயம்? எனக்கும் தாங்குற உடம்புதான். போன அலைல நாம் பாட்டுக்குக் களத்துல நின்னு வேலை பாத்தேன்."

"மொதக் காய்ச்சலுங்க, அதான்" என்றாள் வசந்தாமணி. ருக்மணியின் பார்வை தன் முதுகிலேயே இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ருக்மணி நகர்ந்ததும் மிதுனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள பத்திக்கிச்சும்மா. எனக்குத் தெரியுது. எப்புடியாச்சும் அந்த மாத்திரையக் கொண்டாந்து குடும்மா. இங்க சொல்லிறாத. சொன்னா அவரு மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

வசந்தாமணி வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். பையிலிருந்து சோதனைப் பட்டையையும் பஞ்சு சுற்றிய குச்சியையும் எடுத்தாள். குச்சியை மகளின் மூக்கில் விட்டு எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புறக்கடைப் பக்கம் போனாள். போனில் தன் வீட்டு டாக்டரைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் அதே குச்சியைத் தன் மூக்கில் விட்டு, பட்டையில் வைத்தாள். இரண்டு கோடு வந்தது.

"மறுபடியுமாம்மா வந்துருச்சு?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க சார். உடம்பெல்லாம் எரியுதுங்க."

"சிலருக்கு இப்படி வரும். பத்திக்கிற உடம்புதானே, பயப்படாதீங்க. நீங்க இருக்கற இடத்துக்கே அனுப்பச் சொல்றேன். இது உங்களுக்கு மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியுமுங்க."

களத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்று, வசந்தாமணி மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்த சில நேரங்களில் அதுவும் ஒன்று.

கஞ்சி கொடுக்கும் சாக்கில் வேளாவேளைக்கு மாத்திரையைக் கொடுத்தாள். மாத்திரை தன் வேலையைக் காட்டியது. காய்ச்சல் சட்டென்று விட்டது. மிதுனா எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். தலை வாரிப் பின்னிக்கொண்டாள். கதவுக்கு வெளியே இருந்த கிருத்திக்கிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். வசந்தாமணி இலக்கியாவுக்குப் போன் போட்டு, "பாத்தியாடி? டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னியே. பெத்தவ சொன்னாக் கேக்கோணும்" என்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காய்ச்சல் என்பது காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். அவனைத் தூங்க வைத்துவிட்டால் வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

அந்த அமைதி கொஞ்சம்தான் நீடித்தது. ஒரு நாள் காலையில் மிதுனாவின் உதடு கறுத்திருந்தது. பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க அவளுக்கு மூச்சுப் போதவில்லை. கிருத்திக் மாஸ்க்கையும் மறந்து உள்ளே ஓடிவந்து அவளைத் தூக்கினான். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொரோனா வார்டு என்று ஒன்று இப்போது கிடையாது. அந்தக் கட்டடத்தில் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த நோய்க்கு இவ்வளவு மோசமாக ஒரு நோயாளியைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது என்று நர்ஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா வசந்தாமணியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். கண்ணில் தூக்கமில்லை, குரலில் கோபமும் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

"உங்க பொண்ணு ரத்தத்துல அழற்சியை அடக்கற மாத்திரை நிறைய இருக்கு. அவங்க நம்பர்ல அப்படி எதுவும் குடுக்கலை. உங்க நம்பர்ல ஒரு செட் போயிருக்கு. உங்களுக்குக் காய்ச்சல் இருக்கற மாதிரித் தெரியலையேம்மா."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மகள் பிழைத்தால் போதும். வசந்தாமணி கைகூப்பினாள். "நாந்தானுங்க குடுத்தேன். போலீசுக்கு வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுத்தாவது எம் புள்ளையக் காப்பாத்திருங்க சாமி. நாங் குடுத்தது பத்தலையாட்ட இருக்குது."

டாக்டரம்மா அவளையே பார்த்தாள். "பத்தலையா? எதுக்கும்மா குடுத்தீங்க? தாங்குற உடம்புன்னு ரெக்கார்டுலயே இருக்கே."

"அது பொய்ங்க. அது எஞ் சின்னப் பொண்ணு ரத்தமுங்க. கல்யாணத்துக்காக மாத்திக் குடுத்தோம். மூத்தவ என்னையாட்டங்க. பத்திக்கிற உடம்புங்க."

"அவங்களுக்குன்னு எப்பவாவது டெஸ்ட் எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த ரிப்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நேத்து வந்ததுமே நாங்க எடுத்தோம். உங்க மூத்த பொண்ணோட ரத்தம்தான். நானே நின்னு எடுக்க வச்சேன். தாங்குற உடம்பும்மா. ரெக்கார்டு சரியாத்தான் இருந்துருக்கு."

வசந்தாமணிக்கு முதலில் அது நல்ல சேதி மாதிரிதான் கேட்டது. தாங்குற உடம்பு. அப்படியென்றால் பயமில்லை என்றுதானே இத்தனை காலமும் எல்லாரும் சொன்னார்கள்? அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்ததைப் பார்த்து டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப… அந்த மாத்திரை?"

"கிருமியைப் பிடிக்க வேண்டிய நேரத்துல உடம்போட கையைக் கட்டிப் போட்டுருச்சு. நுரையீரல் முழுக்கப் பரவிருச்சு. எங்களால ஆனதைப் பண்றோம்."

"ஒண்ணுமே குடுக்காம உட்டுருந்தா?"

கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தால் போதும் என்று போனில் ஒரு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பொய்யென்று நினைத்துச் சொன்னது உண்மையாக இருந்திருக்கிறது. அதை உண்மையென்று நம்பியிருந்தால் மகள் இன்னேரம் களத்தில் கொப்பரை உலர்த்திக்கொண்டிருப்பாள். இது வசந்தாமணியின் தலைக்குள் முழுசாக இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாத்திரை விஷயத்தை நான் எழுதித்தான் ஆகணும்" என்றாள் டாக்டரம்மா. "வெளியில இருக்கறவங்களுக்கு நீங்களே சொல்லிருங்க. அதுதான் நல்லது. டெஸ்ட் ரிசல்ட்டை மட்டும் நான் சொல்லிட்டேன், அவங்க கேட்டாங்க."

மத்தியானம் தாண்டி மிதுனா போய்விட்டாள்.

தாழ்வாரத்தில் கிருத்திக் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மிதுனாவின் மாமனார் யாருக்கோ போன் செய்வதும் பேச முடியாமல் வைப்பதுமாக இருந்தார். இலக்கியா திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வசந்தாமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட வேண்டும், நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ருக்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கறாரான அந்த முகம் அழுது வீங்கியிருந்தது. வசந்தாமணியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சம்பந்தி, இந்த நேரத்துல இதைச் சொல்லாம இருந்தா என்ற மனசு ஆறாது. அவ காய்ச்சல்ல அழுத அழுகையப் பாத்து, நீங்க உடம்பை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சுப்போட்டேன். உங்க மாப்பிள்ளைகிட்டயும் சொன்னேன். அவன் என்னைய வைஞ்சான். இப்ப டாக்டரம்மா சொல்றாங்க, அவ தாங்குற உடம்பேதான்னு. நீங்க எங்ககிட்ட ஒரு பொய்யுஞ் சொல்லலை. பாவி நாந்தான் தப்பா நெனச்சேன். என்னைய மன்னிச்சுருங்க."

வசந்தாமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. ருக்மணி பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் மாப்பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சங்கூடச் சந்தேகம் இல்லை. இலக்கியாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"இருக்கட்டுங்க சம்பந்தி" என்றாள் வசந்தாமணி. "மனசுல வச்சுக்க மாட்டேன்."